பொருத்தம் கேட்டு எழுதியவள்

கண்டக்குழி
29.01.2024

தம்பி ஹுனைஸுக்கு, மதினி ஜெமீலாவின் ஸலாம்.

என் கையெழுத்தைக் கண்டவுடன் கிழித்துவிடாதீர்கள். கிழிக்கத்தான் போகிறீர்கள் என்றால் வாசித்துவிட்டுக் கிழியுங்கள். ஒட்டிய முத்திரைக்காவது ஒரு மரியாதை இருக்கட்டும்.

உங்கள் நானா, என் புருஷன், மௌத்தான செய்தி உங்களுக்குப் பிந்தித்தான் கிடைத்தது என்று மருமகன் அஸ்ஹான் சொன்னார். மீன்வாடி முதலாளியின் போனுக்குக் காலையிலேயே எடுத்தாராம். நீங்கள் களப்பில் வலையோடு நின்றீர்களாம். இங்கே பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னமே அடக்கிவிட்டார்கள். மூன்று வாரம் நெஞ்சு நோவோடு படுத்திருந்தவர், அன்று ஞாயிற்றுக்கிழமை தானாக எழும்பி சுபஹ் தொழுதார். தேத்தண்ணி கேட்டார். ஊற்றிக்கொண்டு வந்தால் கதிரையில் இருந்தபடியே போயிருந்தார். கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். தேத்தண்ணி ஆறும்வரைக்கும் நின்றேன்.

எழுத வந்தது அதற்கில்லை. ஜனாஸாத் தொழுகைக்கு முன்னால் அஸ்ஹான் எழும்பிச் சொன்னது பள்ளி ஒலிபெருக்கியில் வீடு வரைக்கும் கேட்டது. "எங்கட மாமா யார்ட மனசையாவது நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொள்ளுங்க." ஊர் ஆண்கள் எல்லாரும் ஒரே குரலில், "பொருந்திக்கிட்டோம்" என்றார்கள். அதில் ஒரு குரல் குறைந்தது இந்த வீட்டில் இருந்த எனக்கு மட்டும்தான் தெரியும். மனிதனுக்கு மனிதன் செய்த நோவினையை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று சின்னதிலேயே நமக்கு ஓதித் தந்திருக்கிறார்கள். உங்கள் பொருத்தம் இல்லாமல் அவர் கபுறில் கிடக்கிறார்.

புருஷன் போனவள் வீட்டோடு இருக்கிற இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வர முடியாது. அந்நிய ஆண்களின் முகம் பார்க்க முடியாது, கொழுந்தன் நீங்களும் அதில் அடக்கம். போனில் கதைக்கலாமென்றால் உங்களுக்குக் காது இல்லை. அதனால்தான் கடிதம். ஒரு வரி போதும் தம்பி. பொருந்திக்கொண்டேன் என்று எழுதி அனுப்புங்கள்.

ஜெமீலா


புல்மோட்டை
09.02.2024

மதினிக்கு,

கிழிக்கவில்லை. வாசித்தேன்.

நானா போய்விட்டார் என்று முதலாளி ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் காட்டினார். வலை கழுவிக்கொண்டிருந்தேன். கழுவி முடித்தேன். வேறு என்ன செய்வது.

ஒரு வரி கேட்கிறீர்கள். என்னிடம் இருப்பது ஒரு வரி இல்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஒக்டோபர். வாப்பா விட்டுப்போன படகில் நானும் இரண்டு பேரும். நேவிப் படகு நேராக எங்களிடம் வந்தது. மேல்தட்டில் நானா நேவி உடுப்போடு நின்றார். நேவிப் பெரியவர் சிங்களத்தில் கேட்டார், இவர்களைத் தெரியுமா என்று. "மகே மல்லி" என்றார் நானா. என் தம்பி. எனக்கு உயிர் வந்தது. அடுத்ததாக அதே வாயால் சொன்னார், பின்பக்கப் பலகையைக் கழற்றிப் பாருங்கள் என்று.

வெடி இருந்தது. ஓம். பொய் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் பாதிப் பேர் வெடி போட்டுத்தான் மீன் பிடித்தார்கள். ஆனால் அந்தப் பலகை கழலும் என்று நேவிக்குத் தெரியாது. வாப்பாவின் பீடியைத் திருடி நானும் நானாவும் ஒளித்து வைத்த இடம் அது. உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

படகு போனது, எனக்கு ஆறு மாதம் மறியல், சிறைக்குள். நாலாம் மாதம் உம்மா மௌத். ஜனாஸாவுக்குப் போகக் கேட்டேன், அழுதேன், விடவில்லை. றஹ்மத் உம்மா பெற்றது இரண்டு ஆண் பிள்ளை. அவவைத் தூக்கிப்போன சந்தூக்குக்குத் தோள் கொடுத்தது ஒருத்தர். மற்றவன் மதிலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

மறியலைப் பொருந்தலாம். படகைப் பொருந்தலாம். உம்மாவை எப்படிப் பொருந்துவது? ஓதிப் படித்த ஆள் நீங்கள், சொல்லுங்கள்.

உங்கள் துக்கத்துக்கு துஆச் செய்கிறேன். அது வேறு, இது வேறு.

ஹுனைஸ்


கண்டக்குழி
15.02.2024

தம்பி ஹுனைஸுக்கு,

நீங்கள் மேல்தட்டில் நின்ற நேவிக்காரனைப் பற்றி எழுதினீர்கள். அவரை நான் மறுக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடம் என்னோடு குடித்தனம் செய்தவரைப் பற்றி நான் எழுதுகிறேன். அவரை நீங்கள் அவ்வளவாகப் பார்க்கவில்லை.

நேவியில் இருபத்திரண்டு வருடம், அதில் பாதிக்கு மேல் சுழியோடி. தண்ணிக்குக் கீழே மூழ்கிப் போய், விழுந்ததை எடுத்து வருகிற வேலை. லீவில் வந்தால் வெள்ளை உடுப்பு பைக்கு அடியில் பத்திரிகைத்தாளில் சுற்றிக் கிடக்கும். சாரனோடுதான் பஸ்ஸில் இருந்து இறங்குவார். காலம் அப்படி. எங்களிடம் தமிழ், உடுப்பில் அரசாங்கம். இரண்டு பக்கத்திலும் நம்ப ஆள் இல்லை. எனக்கும்தான். நேவிக்காரன் பெண்சாதி என்று கிணற்றடியில் கதை நின்றுபோகும்.

லீவு நாளில் மகள் பஹ்மிதாவுக்குத் தலை பின்னுவது அவர்தான். கப்பலில் கயிறு கட்டுகிற முடிச்சை றிப்பனில் போட்டு அனுப்புவார். பின்னேரம் அவிழ்க்க முடியாது. ஒரு நாள் டீச்சர் கத்தரிக்கோலால் வெட்டி அனுப்பினா. வெட்கப்பட்டுப் போய் பக்கத்து வீட்டு றைஸாவிடம் பூ முடிச்சுப் போடப் பழகினார். அவ்வளவு பெரிய விரலை வைத்துக்கொண்டு. பென்சன் எடுத்து வந்த பிறகு, பஹ்மிதா ஓஎல் சோதனை எழுதிய நாளெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்க மரத்தடியில் பிளாஸ்க்கோடு இருந்தார். "பாஸாகப் போறது அவளா நீங்களா?" என்று கேட்டேன். "நான் ஃபெயில், அவள் பாஸ்" என்றார். நான் கால் முறிந்து கிடந்தபோது மூன்று மாதம் என் உடுப்புத் துவைத்தார். கொடியில் போடும்போது என் சட்டையை உள்ளேயும் தன் சாரனை வெளியேயும் போடுவார், ஊர் பார்க்காமல்.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது, "எல்லாரும் இரிக்காங்களா?" என்று கேட்டுத்தான் பிளேட்டில் கை வைப்பார். கப்பல் பழக்கம். பஹ்மிதா கல்யாணம் கட்டி நுரைச்சோலைக்குப் போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதும் கேட்பார். "ஓம், நான் ஒரு பட்டாளம் இரிக்கன்" என்பேன். இப்போது றைஸா வாசலில் வைத்துவிட்டுப் போகிற சோற்றை நான் ஒருத்தி சாப்பிடுகிறேன். யாரும் கேட்பதில்லை.

அந்த நாளைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கியவர் இப்போது இல்லை. கடதாசியில் எழுத மனம் வரவில்லை. இருபத்திரண்டாம் தேதி வியாழக்கிழமை நாற்பது கத்தம், அவர் போன நாற்பதாம் நாள் ஓதல். "இதெல்லாம் மார்க்கத்துல இல்ல மாமி" என்று அஸ்ஹான் முகத்தைச் சுளிக்கிறார். பெரிய சட்டி இரவல் வாங்கித் தந்ததும் அவர்தான். நீங்கள் வாருங்கள். திரைக்குப் பின்னால் இருந்து நானே சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்கள் பொருந்தாவிட்டால் அதற்குப் பிறகு எழுத மாட்டேன்.

ஜெமீலா


புல்மோட்டை
27.02.2024

மதினிக்கு,

வந்தேன். வந்ததற்கு எனக்கு நல்லாக் கிடைத்தது.

ஊர்ச் சனம் கலைந்த பிறகு வருவோம் என்று மூன்று மணிக்குத்தான் வீட்டடிக்கு வந்தேன். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு. பாதை தெரியவில்லை. நாங்கள் வலை காயப்போட்ட இடத்தில் வெள்ளைக்காரருக்கு ஹோட்டல் கட்டியிருக்கிறார்கள். அஸ்ஹான் கதிரை போட்டார், சோறு வைத்தார், கையால் சைகை காட்டிவிட்டு அஸருக்குப் பள்ளிக்குப் போனார். பயணத்தில் வந்தவன் என்று நான் போகவில்லை. பஹ்மிதா சட்டி கொடுக்கப் போயிருந்தாள்.

நான் இருந்தேன். திரை இருந்தது. பச்சைத் துணி. அதற்குப் பின்னால் நீங்கள் இருப்பது துணி ஆடியதில் தெரிந்தது. ஸலாம் சொன்னேன். என் சத்தம் எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது, அதனால் இரண்டு தடவை சொன்னேன். பதிலாக ஒரு கடதாசித் துண்டுகூட வரவில்லை. அரை மணித்தியாலம் துணியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். செவிடன் வந்து உட்கார்ந்திருக்கிறான், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டீர்களாக்கும்.

கூப்பிடாமல் இருந்திருக்கலாம். கருவாட்டுப் பார்சலைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தேன். பூனை தின்றிருந்தாலும் பரவாயில்லை.

இனி எழுத வேண்டாம்.

ஹுனைஸ்


கண்டக்குழி
06.03.2024

தம்பி,

நீங்கள் வேண்டாம் என்றாலும் இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த அரை மணித்தியாலமும் நான் கதைத்துக்கொண்டே இருந்தேன். அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னேன். திரைக்குக் கீழே உங்கள் இரண்டு காலும் மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல அந்தக் கால்கள் அசையாமல் இருந்தன. கல்நெஞ்சுக்காரன் என்று நினைத்தேன். பிறகு கால்கள் எழும்பிப் போயின. இவ்வளவும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாரே என்று அன்று பின்னேரம் முழுக்க உங்களைத் திட்டினேன்.

உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டேன். நாற்பது நாளாக வருகிற ஆண்கள் எல்லாரோடும் அந்தத் துணிக்குப் பின்னால் இருந்துதான் கதைக்கிறேன். அஸ்ஹானின் வாப்பா, மோதினார், பென்சன் கந்தோர் ஆள், எல்லாரோடும். அந்தப் பழக்கத்தில் உங்களோடும் கதைத்துவிட்டேன். உங்களுக்கு வாய் பார்த்தால்தான் விளங்கும் என்பது எனக்குத் தெரியாததா? முதல் கடிதத்தில் காது இல்லை என்று எழுதினதும் நான்தானே. அந்த மடைச்சி இந்த மடைச்சியிடம் சொல்லவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

சொன்னதைத் திரும்ப எழுதுகிறேன்.

உங்களைப் பிடிப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் தெற்குப் பக்கம் ஒரு ஊரில் உங்கள் நானாவை மூழ்கச் சொன்னார்கள். வெடி போட்ட ஒருவனைத் தேடுவதற்கு. திரி சின்னது, கையில் இருக்கும்போதே வெடித்துவிட்டது. இரண்டாம் நாள் இவர்தான் கண்டெடுத்தார். இரண்டு கையும் இல்லை. மேலே கொண்டு வர எதைப் பிடிப்பதென்று தெரியாமல், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன் என்று சொன்னார். உங்கள் உயரம், உங்கள் வயதுதானாம். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சாப்பிடவில்லை. அந்தக் கிழமைதான் உம்மா வீட்டில் நாம் எல்லாரும் சாப்பிட்டோம். உங்களுக்கு நினைவிருக்குமோ தெரியாது. நீங்கள் நண்டு உடைத்து உறிஞ்சுகிறீர்கள், இவர் தன் பிளேட்டைப் பார்க்காமல் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெடியை விடச் சொல்லி உங்களிடம் எத்தனை தரம் கேட்டார், நீங்கள் எத்தனை தரம் சிரித்தீர்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. வெடிச் சத்தத்தில் அப்போதே உங்கள் வலது காது போயிருந்தது, மற்றது பிறகு போனது. உங்களைப் பிடித்த அன்று வீட்டுக்கு வந்து இந்தப் படியில் இருந்து சொன்னார்: "அவன் இனி என்னோட கதைக்கமாட்டான் ஜெமீலா. பரவால்ல. கையால சோறு தின்னட்டும்."

அதற்குள் உம்மா மௌத்தாகிவிடுவா என்று அவருக்குத் தெரியாது தம்பி. ஜனாஸாவுக்கு உங்களை விடச் சொல்லி மறியல் வாசலில் அந்த வெள்ளை உடுப்போடு போய் நின்றார். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் யாரிடமும் கெஞ்சியது அன்று ஒரு தரம்தான். அவர்கள் கேட்கவில்லை. இதைச் சொல்ல வேண்டாம் என்றார். சொன்னால் நன்றி கேட்கிற மாதிரி இருக்கும், அவன் கோபத்தையாவது அவனுக்கென்று விட்டுவைப்போம் என்றார்.

கருவாட்டைப் பூனை தின்னவில்லை. நான்தான் தின்றேன். உப்புக் கொஞ்சம் கூடுதல்.

ஜெமீலா


புல்மோட்டை
25.03.2024

மதினிக்கு,

நோன்பு பதினாலு. உங்கள் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. ஏழு தடவை வாசித்தேன். எழுதத்தான் வரவில்லை.

எங்கள் வாடியில் திருக்கோணமலைப் பக்கத்து ஆள் ஒருவர் இருக்கிறார். வலது கை மணிக்கட்டோடு இல்லை. வெடிதான். கிழிந்த வலையை முடிச்சுப் போடும்போது நூலைப் பல்லால் பிடிப்பார். நோன்பு திறக்கும்போது இடது கையால் பேரீச்சம்பழம் எடுக்க வெட்கப்பட்டு எல்லாரும் எடுத்த பிறகு எடுப்பார். எட்டு வருடமாகப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். இந்த வருடம்தான் என் கையையும் பார்க்கிறேன். பத்து விரல் இருக்கிறது. மறியலில் இருந்து வந்த பிறகு நான் வெடியைத் தொடவில்லை. நானா மேல் இருந்த வெறுப்பில் அந்தத் தொழிலையே வெறுத்தேன். அதுவும் அவர் கணக்குப் போட்டதுதானோ என்னவோ. அவர் மூளை அப்படி.

எழுத்தில் கேட்டீர்கள், எழுத்தில் தருகிறேன். என் நானா ஹாசிமை அல்லாஹ்வுக்காகப் பொருந்திக்கொண்டேன். உம்மாவின் சந்தூக்கையும் சேர்த்து. இதை அஸ்ஹானிடம் காட்டுங்கள். அவருடைய கபுறடியில் வாசிக்கச் சொல்லுங்கள். அன்று உங்கள் வீட்டில் இருந்து எழும்பிப் போனவன் மையவாடிக்குத்தான் போனேன். கபுறுத் தலைமாட்டில் நட்ட மீசான் பலகை இன்னும் புதிது. நின்றேன். பொருந்தாமலே பஸ் ஏறினேன்.

இப்போது என் கதை. மறியல் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு வரிசை நிற்கும்போது, பள்ளி நிறையச் சனத்துக்கு முன்னால் நான் சொன்னது ஊருக்கே தெரியும். "உம்மாவக் கொன்னவன் நிக்கிற வரிசையில நான் நிக்கமாட்டன்." நானா குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனார். முதுகைப் பார்த்தேன். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். அடுத்த வருடம் நானே ஊரை விட்டு வந்துவிட்டேன்.

அவருக்காக நீங்கள் என்னிடம் பொருத்தம் கேட்டீர்கள். நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு நான் யாரிடம் கேட்பது? ஆள் மண்ணுக்குள். செவிடனுக்காவது கடிதம் எழுதலாம்.

ஹுனைஸ்


கண்டக்குழி
05.05.2024

தம்பி ஹுனைஸுக்கு,

பெருநாளும் போய்விட்டது, பதில் இல்லையே என்று நினைத்திருப்பீர்கள். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

உங்கள் வரியை அஸ்ஹான் கபுறடியில் வாசித்தார். "இதுவும் மார்க்கத்துல இல்லையா மருமகன்?" என்று கேட்டேன். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் கபுறடிக்குப் போனார்.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன்.

மௌத்துக்கு எட்டு நாள் முன்னால், முதுகுக்குத் தலையணை வைத்துவிடும்போது அவர் சொன்னார்: "ஹுனைஸ நான் அண்டைக்கே பொருந்திட்டன். பள்ளியில இருந்து வீட்ட வந்து சேர முதலே. அவன் கேட்டாச் சொல்லு. கேக்காட்டியும் சொல்லு." முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டிய செய்தி. என்னை நம்பித் தந்த அமானிதம். நான் எழுதவில்லை. நாலு மாதமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, உங்களிடம் மட்டும் பொருத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அவர் உங்களைப் பொருந்தினார், நான் பொருந்தவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அவர் நம் ஊர்ப் பள்ளியில் ஜும்மாத் தொழவே இல்லை. ஒவ்வொரு கிழமையும் கற்பிட்டிக்குப் போனார். முதலில் சைக்கிளில், பிறகு மோட்டார் சைக்கிளில், நெஞ்சு நோ வந்த பிறகு பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு. "அவர்தான் ஊர விட்டே போயிட்டாரே, இனி இங்க தொழுதா என்ன?" என்று நான் கத்துவேன். "அவன் திரும்பி வந்தா வரிசையில நிக்க இடம் வேணும். என்னைக் கண்டா வெளிய நிப்பான்" என்பார். இருபத்தேழு வருடம். வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பாருங்கள். நான் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நம் ஊர்ப் பள்ளிக்கு அவர் திரும்பிப் போனது சந்தூக்கில்தான். அன்றைக்குத்தான் அந்த ஊரே 'பொருந்திக்கிட்டோம்' என்று சொன்னது. நான் உள்ளே இருந்துகொண்டு உங்களைச் சபித்தேன். அதே கையோடுதான் இரண்டு கிழமையில் உங்களுக்கு ஸலாம் சொல்லி எழுதினேன்.

திரைக்குப் பின்னால் எல்லாவற்றையும் சொன்னேன் என்று எழுதினேனே, அது பொய். அன்றும் இதை மட்டும் சொல்லவில்லை. உங்களுக்குக் காது கேட்டிருந்தாலும் இது கேட்டிருக்காது.

நீங்கள் கேட்ட பொருத்தத்தை அவர் தந்து இருபத்தேழு வருடம் ஆகிவிட்டது. கொண்டு வந்து தர வேண்டியவள்தான் பிந்திவிட்டாள். என்னுடையதும் இப்போது சேர்த்து அனுப்புகிறேன். பொருந்திக்கொண்டேன் தம்பி. நேற்று அஸருக்குப் பிறகுதான், அதனால் இன்னும் கொஞ்சம் புதிதாக இருக்கிறது. என்னையும் நீங்கள் பொருந்திக்கொள்ள வேண்டும்.

இருபத்தோராம் தேதி என் இத்தா முடிகிறது. காலையில் திரையைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிடுவேன். இருபத்துநாலாம் தேதி வெள்ளிக்கிழமை. நம் ஊர்ப் பள்ளியில் ஜும்மாத் தொழுதுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். இடம் இருக்கிறது.

நண்டு ஆக்கி வைக்கிறேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுகிற மாதிரி உங்கள் கதிரையைப் போட்டு வைக்கிறேன். மெதுவாகக் கதைப்பேன். சாப்பிட உட்காரும்போது, எல்லாரும் இருக்கிறார்களா என்று நீங்கள் கேட்க வேண்டும்.

ஜெமீலா